ரத்தம் ஏழு புள்ளி இரண்டு

சேசு மரி சூசை துணை

ஊரப்பாக்கம்,
14-7-1992.

பிலோமி அப்பாவுக்கு செல்லம்மா எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும், வெல்டிங் வேலையில் கண்ணுக்கு ஒன்றும் வரக் கூடாது என்று தினமும் ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறேன். அதில் மட்டும் மாற்றம் இல்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிலோமினா கம்பெனி வேலையை விட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை உங்கள் அக்கா வேன் வைத்துக்கொண்டு வருவார், அவரோடு பிள்ளையை ஜெபக்கூடத்துக்கு அனுப்பி நாற்பது நாள் தங்க வைக்க வேண்டும், பேய் ஓடிய பிறகு தை மாதம் அக்கா மகன் சின்னப்பனுக்குக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான். முடியாது. இருபது வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதாத வார்த்தை இது. எழுதிவிட்டேன்.

அக்கா அனுப்பி நீங்கள் போட்டுக் கேட்ட கேசட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் வாங்கி அனுப்பிய டேப் ரிக்கார்டரில் தம்பிக்கு ஞானப்பாட்டு பதிந்து அனுப்பப் போகிறேன் என்று சொல்லித்தான் உங்கள் அக்கா மதலேன் அண்ணி பல்லாவரத்திலிருந்து வந்தார். இரண்டு பாட்டு பதிந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து பிலோமி வேலையிலிருந்து வந்தாள். தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதிக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி சட்டைகளுக்குப் பட்டன் சரி பார்த்துவிட்டு வந்த பிள்ளை. முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது. நேராக அடுக்களைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றாள். ஒரு வருஷமாகவே இப்படித்தான் தின்கிறாள்.

உடனே அண்ணி, "இன்னாடி அரிசிய துன்னுகினு கீற? உன் கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டப் போவுது பாரு" என்றார். நாங்களும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "எம் புள்ளய வேணாம்னு சொல்றியே, கம்பெனில எவனாச்சும் கீறானா? அதான் வெளுத்துப் போயி வாந்தி எடுத்துகினு கீறியா?" என்று கேட்டார். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் அந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பாட்டு முடிந்ததும் பிள்ளை கத்துவதுதான் உங்கள் கேசட்டில் வரும், அண்ணி கேட்ட கேள்வி வராது. வேண்டுமானால் இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள்.

தம்ளர் விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். விட்டெறிந்தது அவள்தான், நான் மறைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேம்பித் தேம்பி அழுததும் அவள்தான். மூன்றாம் நாள் வீட்டு விலக்கானாள். அன்று சாயங்காலமே பழைய பிலோமியாகி எனக்குத் தலை வாரிவிட்டாள். போன மாதமும் இதே கதை, அதற்கு முந்தின மாதமும் இதே கதை. விலக்காவதற்கு நாலைந்து நாள் முன்பு தலைவலி, மார்பு வலி, தூக்கமின்மை, வாந்தி, யாராவது ஏதாவது சொன்னால் அழுகை. எந்தப் பேய் நாட்காட்டி பார்த்து வந்து போகும்? அரை நாள் சம்பளம் போய்விடுமே என்று பயந்து எந்தப் பேய் காலை ஆறு பத்து ரயிலுக்கு ஓடும்?

இதை ஆண்பிள்ளைக்கு எழுதலாமா என்று நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா? நமக்குக் கல்யாணமான புதிதில் எனக்கும் மாதா மாதம் இப்படி வரும்போது, துறைமுகத்தில் மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியாச்சு என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

போன சனிக்கிழமை பிலோமி ரயில்வே மேம்பாலப் படியில் பாதி ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை. நான் ஸ்கூலில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைத்து அண்டா தூக்குகிறவள், அவளைத் தூக்கிவிட என்னால் முடிந்தது. அப்படியே தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற டாக்டர் காமு அம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அரிசி தின்கிறாளா, சாம்பல், பல்பம் ஏதாவது தின்கிறாளா என்று அவராகவே கேட்டார். பச்சரிசி என்றேன். ஊரே கண்டு சிரித்த ஒன்றை அந்த அம்மா நோயின் அடையாளமாகக் கேட்கிறார்.

எதிரில் இருக்கிற லேபில் ஏகநாதன் என்ற பெரியவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்கினார். மற்றவர்களுக்கு நிறையச் சொட்டு விட வேண்டுமாம். நம் பிள்ளைக்கு அவர் கை சீக்கிரமே நின்றுவிட்டது. "இன்னாம்மா, ரத்தம் இப்படித் தண்ணியா கீதே" என்று அவரே வருத்தப்பட்டார். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி இரண்டு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. விலக்குக்கு முன் வரும் கோபமும் அழுகையும் நல்ல ரத்தம் உள்ள பெண்களுக்கும் வரும் என்றார். அது உடம்பில் நடக்கிற மாற்றம், அதற்கு வைத்தியத்தில் பெயரே இருக்கிறது என்றார். ஆனால் ரத்தம் குறைந்த பெண்ணுக்கு அசதியும் தலைவலியும் படபடப்பும் ஏற்கெனவே மாதம் முழுக்க உண்டு, அந்த நாலு நாள் அதன் மேல் ஏறி உட்காரும்போது தாங்க முடியாமல் போகிறது என்றார். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தெரியாதாம். முதலில் ரத்தத்தை ஏற்றுவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்.

ஜெபக்கூடத்தைப் பற்றி நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிலோமிக்கு இரண்டு வயசாகும்போது உங்கள் அம்மாவும் அக்காவும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பதினோரு நாள் காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டியிருந்தார்கள். பாலுக்கு அழுத பிள்ளையை அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். நீங்கள் பன்னிரண்டாம் நாள் வந்தீர்கள். வந்தீர்களே என்று அன்றைக்கு உங்கள் காலில் விழுந்தேன். ஏன் அனுப்ப விட்டீர்கள் என்று கேட்கத் தெரியவில்லை. இந்தப் பேச்சை இத்தனை வருஷம் நாம் இருவருமே எடுக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டேன். என் பிள்ளையின் காலில் யாரும் சங்கிலி போட முடியாது. நீங்களே விமானம் ஏறி வந்து சொன்னாலும் முடியாது.

ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது நானும் சிலுவை போட்டுத்தான் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் கடிதத்தைக் கிழியுங்கள், பரவாயில்லை, இன்னொன்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் செல்லம்மா.


ஊரப்பாக்கம்,
20-9-1992, ஞாயிறு.

பிலோமி அப்பாவுக்கு,

பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். மழை இரண்டு தரம் பெய்தது, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. நீங்கள் பதில் போடவில்லை. அக்காவுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று அவர் சொல்லித் தெரிந்தது. சந்தோஷம்.

சொன்னபடி ஆகஸ்ட் முதல் வெள்ளி காலையில் வேன் வந்தது. அண்ணியும் ஜெபக்கூடத்து ஆட்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. "எம் தம்பி லெட்டர் போட்டுட்டான், நீ யாருடி தடுக்க" என்றார் அண்ணி. பெற்றவள் என்றேன். தெருவே கூடிவிட்டது. கூடட்டும் என்றுதான் நானும் குரலை உயர்த்தினேன்.

நான் பேசத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் பிலோமி உள்ளே இருந்து வந்து என்னைத் தாண்டி நின்றாள். கையில் அந்த லேப் சீட்டு. கத்தவில்லை, அழவில்லை. "அத்தை, எனக்குள்ள பேய் இல்ல, ரத்தம்தான் இல்ல. இவங்க ரத்தம் ஏத்துவாங்கன்னா சொல்லுங்க, இப்பவே வண்டியில ஏர்றேன்" என்றாள். எதிர்வீட்டு சபீஹா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அண்ணிக்கு முகம் சிவந்தது. வந்த ஆட்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்த இருவரில் இளையவர் மட்டும் சைக்கிளில் திரும்பி வந்தார். எனக்குத் திக்கென்றது. அவர் தெருமுனையிலேயே நின்று, அந்த டாக்டரம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அவர் தங்கச்சி சிலேட்டுப் பல்பம் தின்கிறாளாம். எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இனி சொல்லப்போவதை மறைத்தால் நான் நியாயக்காரி இல்லை. இரண்டு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் பிலோமிக்கு ஒன்றும் மாறவில்லை. செப்டம்பர் முதல் வாரம் ஏகநாதன் மறுபடியும் குத்திப் பார்த்தார். ஏழு புள்ளி நான்கு. அந்த மாதம் நாலு நாளும் முன்னைவிட மோசம். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு அழுதிருக்கிறாள். செய்தி எப்படியோ பல்லாவரம் போய், "பாத்தியா, பேய்க்கு மாத்தர போட்டா போவுமா" என்று அண்ணி சொல்லி அனுப்பினார். அன்று நானும் ஆடித்தான் போனேன். நாம்தான் பிடிவாதம் பிடித்துப் பிள்ளையைக் கெடுக்கிறோமோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் காமு அம்மா திட்டவில்லை. மாத்திரையை எப்போது, எதோடு போடுகிறாய் என்று பிலோமியைக் கேட்டார். பத்தரை மணி டீயோடு என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்படிப் போடச் சொன்னது நான்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்றாள், சூடான டீயோடு விழுங்கு, துரு வாசனை தெரியாது என்றேன். டீ அந்த இரும்பை உடம்பில் சேரவே விடாதாம். தினமும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியிருக்கிறேன்.

தண்ணீரோடு போட வேண்டியதுதானே என்று டாக்டர் கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் வரிசையில் நாற்பது பெண்கள். கக்கூசுக்குப் போக இரண்டு பித்தளை டோக்கன். டோக்கன் கையில் இருந்தால்தான் இடத்தை விட்டுப் போகலாம். அதனால் காலையிலிருந்து ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. பத்தரைக்கு வருகிற அரை கிளாஸ் டீதான் எல்லோருக்கும் முதல் வாய் தண்ணீர். விலக்கான நாட்களில்கூட அந்த டோக்கனுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்களாம். இரண்டு வருஷமாக என் பிள்ளை இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று பயந்திருக்கிறாள்.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீரோடு மாத்திரை. டீ பக்கத்திலேயே வரக் கூடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு தினமும். இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலும் சுவரொட்டிக் கறியும் ஆண்பிள்ளைகளுக்கு என்று உங்கள் அம்மா காலத்திலிருந்து வைத்திருந்தோமே, நீங்கள் இல்லாதபோதும் சின்னப்பன் வந்தால் அவனுக்குத்தானே எடுத்து வைத்தேன். அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன். மாதம் தவறாமல் ரத்தம் போகிறவளுக்குக் குழம்பு, போகாதவனுக்கு ஈரல் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? போன வாரம் வந்த சின்னப்பனுக்குக் கத்தரிக்காய் வைத்தேன். பையன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அவன் நல்லவன்தான், அவனுக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை என்று என்னிடமே சொன்னான். அம்மாவிடம் சொல்லத்தான் பயம்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். எனக்கு வேண்டாம், பிள்ளைக்காவது இரண்டு வரி போடுங்கள். தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் அவள்தான் வாசலுக்கு ஓடுகிறாள்.

இப்படிக்கு,
செல்லம்மா.


ஊரப்பாக்கம்,
6-1-1993, மூன்று ராஜாக்கள் திருநாள்.

அன்புள்ள பிலோமி அப்பாவுக்கு,

கிறிஸ்துமசுக்கு நீங்கள் பிள்ளைக்குப் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. நாலே வரி. அதை அவள் எனக்குக்கூடக் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அவள் சிரித்ததைப் பார்த்தேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன்.

பிலோமிக்கு ரத்தம் இப்போது பத்து புள்ளி எட்டு. அரிசி டின் பக்கம் போவதே இல்லை, யாரும் தடுக்காமலே விட்டுவிட்டாள். மேம்பாலப் படி ஒரே மூச்சில் ஏறுகிறாள். அந்த நாலு நாள் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் தலை வலிக்கிறது, இன்னும் எரிந்து விழுகிறாள். போன மாதம்கூட சாம்பாரில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அரை மணி கழித்து அவளே வந்து, "அம்மா, நாள் கிட்ட வந்துடுச்சு, அதான்" என்றாள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. எங்களுக்கு அந்த வயசில் அதுகூடத் தெரியவில்லை.

கம்பெனியிலும் ஒரு சேதி. இவள் பேச்சைக் கேட்டு அவள் வரிசையில் பதினாலு பெண்கள் ஏகநாதனிடம் போய் விரலை நீட்டியிருக்கிறார்கள். பதினோரு பேருக்கு ரத்தம் குறைவு. அந்தப் பதினோரு சீட்டையும் எடுத்துக்கொண்டு எல்லோருமாக மேனேஜர் ராஜகோபாலன் மேசையில் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் விரட்டிவிட்டார். இரண்டாம் நாளும் போய் நின்றார்கள். மூன்றாம் நாள் கம்பெனிக்கு வந்திருந்த அவர் மனைவியே அந்தச் சீட்டுகளைப் பார்த்தாராம், என்ன சொன்னாரோ தெரியாது. இப்போது வரிசையில் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறார்கள். டோக்கன் ஐந்தாகியிருக்கிறது. டோக்கனே வேண்டாம் என்று கேட்கப் போகிறோம் என்கிறாள் உங்கள் பெண். வேலை போய்விடப் போகிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

கல்யாணப் பேச்சை இரண்டு வருஷத்துக்கு யாரும் எடுக்க வேண்டாம். அவளாகச் சொல்லட்டும்.

என்னைப் பற்றி இப்போது ஒன்று எழுத வேண்டும். போன வாரம் பிலோமியோடு லேபுக்குப் போனபோது, நீயும் விரலைக் காட்டும்மா என்று அவள் என் கையைப் பிடித்து நீட்டினாள். ஆறு புள்ளி நான்கு. ஏகநாதன் நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். அதே ஆறு புள்ளி நான்கு. நூற்றிருபது பிள்ளைகளுக்கு அண்டா தூக்குகிற உடம்பு எப்படி நிற்கிறது என்று டாக்டர் காமு அம்மா அதிசயப்பட்டார். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். பிலோமி பிறந்ததிலிருந்து என்றேன். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழையதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். என்னைக் கெட்டவள் என்றார்கள், வாயாடி என்றார்கள், ராட்சசி என்றார்கள், பேய் என்று கட்டிப்போட்டார்கள். நானும் அதை நம்பி, என்னை மாற்றிக்கொடு ஆண்டவரே என்று ஒவ்வொரு மாதமும் அழுதேன். எனக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இப்போது நானும் எலுமிச்சம்பழத் தண்ணீரோடு மாத்திரை போடுகிறேன். நீங்கள் சங்கடப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. சங்கடப்பட்டாலும் பரவாயில்லை.

ஏப்ரலில் லீவு கிடைக்கும் என்று பிள்ளைக்கு எழுதியிருக்கிறீர்களாம். போன இரண்டு முறையும் டிக்கெட் போடுவதற்கு முன்பு, உன் தேதி என்ன என்று எனக்கு எழுதிக் கேட்டீர்கள். நானும் வெட்கத்தோடு கணக்குப் பார்த்து எழுதினேன். அந்த நாட்கள் கழிந்த பிறகு வந்து இறங்கினீர்கள். உங்களுக்கு நல்ல மனைவியாக இருந்தேன். மறுபடியும் அந்த நாட்கள் வருவதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இந்த முறை தேதி கேட்காதீர்கள். கேட்டாலும் எழுத மாட்டேன். எந்த நாளில் டிக்கெட் கிடைக்கிறதோ அந்த நாளில் வாருங்கள். அழுதுகொண்டிருந்தாலும் எரிந்து விழுந்தாலும் கதவைத் திறக்கப் போவது நான்தான். ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மாதம் முப்பது நாளும் உங்கள் மனைவி,
செல்லம்மா.